எஞ்சின் ஆயில் டேட்டா ஷீட்: எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஆயில் மாற்றும் நேரம் வந்ததும், டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப மனம் வராதவர்கள் கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் டெக்னிக்கல் டேட்டா ஷீட்டைத் தேடி எடுக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஒன்றோ இரண்டோ பக்கம், நடுவில் ஓர் அட்டவணை, அதில் தசமப் புள்ளியோடு எண்கள். அந்தத் தசமப் புள்ளிதான் ஆளை மயக்குகிறது. ஏதோ ஆய்வகச் சான்றிதழே கைக்கு வந்துவிட்டது போல ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு கம்பெனிகளின் ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் எண் பெரிதோ அதை வாங்கிவிடுகிறோம். நானும் சில வருடங்கள் அப்படித்தான் வாங்கினேன்.

அந்தத் தாளை எழுதுவது ஆயிலை விற்கும் கம்பெனியேதான். அதற்காக அதில் இருப்பதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். இது என்ன மாதிரி ஆயில் என்று ஷீட் சொல்லும். உங்கள் எஞ்சினை எவ்வளவு நன்றாகக் காக்கும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேறு இடங்கள் இருக்கின்றன. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் வண்டியின் கையேடு

ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே உங்கள் வண்டியின் கையேட்டில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கிரேடு, அதாவது ஆயில் குளிரிலும் சூட்டிலும் எவ்வளவு கெட்டி என்ற குறியீடு: 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 மாதிரி. இன்னொன்று தர நிர்ணயம்: ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3, ஜாசோ எம்ஏ2, மெர்சிடிஸ் பென்ஸ் 229.51, ஃபோக்ஸ்வாகன் 504 00 போன்றவை (இவற்றை யார் கொடுக்கிறார்கள் என்று படி 4-இல் சொல்கிறேன்). நிறையப் பேர் கிரேடைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரே 5டபிள்யூ-30 கிரேடில், டீசல் புகை வடிகட்டி உள்ள வண்டிக்கு ஏற்ற ஆயிலும் உண்டு, அந்த வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடக்கூடிய ஆயிலும் உண்டு. இந்த இரண்டு குறிப்பும் கையில் இல்லாமல் ஷீட்டைப் படித்தால் கண்ணுக்குப் படும் எண்ணெல்லாம் முக்கியமாகத் தெரியும்.

படி 2: சரியான ஷீட்தானா?

தேடினால் முதலில் வருவது நீங்கள் வாங்கப்போகும் ஆயிலின் ஷீட்டாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரே பெயரில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் இணையத்தில் சேர்ந்தே கிடக்கும். ஒரே பிராண்ட் பெயரில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கலவை விற்பதும் சாதாரணம். ஆகவே, கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து, நீங்கள் இருக்கும் நாட்டுக்கான பக்கத்திலிருந்து எடுங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தேதியோ பதிப்பு எண்ணோ இருக்கும். அதைப் பாருங்கள். தேதியே இல்லாத ஷீட்டை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை என் பைக்குக்கு ஒரு 10டபிள்யூ-40 வாங்கினேன். ஷீட்டில் ஜாசோ எம்ஏ2 என்று தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ஏபிஐ குறியீடு மட்டும்தான் இருக்கிறது, ஜாசோ என்ற பேச்சே இல்லை. பைக்கில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் அதிகமான கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஜாசோ எம்ஏ, எம்ஏ2 தரங்கள் இருப்பதே அதைத் தடுக்கத்தான். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். நான் எடுத்த ஷீட் வேறொரு நாட்டுச் சந்தைக்கானது என்று பதில் வந்தது. பெயர் ஒன்று, டப்பாவின் நிறமும் ஒன்று, உள்ளே இருந்தது மட்டும் வேறு. அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை.

இன்னொரு குழப்பம்: பாதுகாப்புத் தாள் என்று வேறொன்றும் கிடைக்கும், சேஃப்டி டேட்டா ஷீட். தோலில் பட்டால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எப்படி அணைப்பது என்பதையெல்லாம் சொல்ல எழுதப்பட்டது அது. ஆயிலின் தரத்தைப் பற்றி அதில் தேடக்கூடாது.

படி 3: ‘டிபிக்கல்’ என்ற சொல்லைக் கண்டுபிடியுங்கள்

அட்டவணையின் தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ ‘டிபிக்கல் வேல்யூஸ்’ என்று இருக்கும். வழக்கமாக இந்த அளவில் இருக்கும், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் கொஞ்சம் மாறலாம், இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அதன் அர்த்தம். சட்டப் பாதுகாப்புக்காகச் சேர்த்த சடங்கு வாக்கியம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள், எண்கள் உண்மையிலேயே அப்படி மாறும்.

ஷீட்டில் 100 டிகிரியில் விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை) 11.8 சென்டிஸ்டோக்ஸ் என்று இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் டப்பாவில் இருப்பது 11.4 ஆக இருக்கலாம். இரண்டுமே 30 கிரேடுதான், ஏனென்றால் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ ஜே300 தரத்தின்படி 9.3-லிருந்து 12.5-க்குள் எங்கே இருந்தாலும் அது 30. ஆகவே, ஒரு கம்பெனியின் ஷீட்டில் 11.8, இன்னொன்றில் 11.6 என்பதை வைத்து எது கெட்டியான ஆயில் என்று தீர்ப்பு சொல்ல முடியாது. சோதனைக் கருவிகளுக்கே ஒரு ஆய்வகத்துக்கும் இன்னொரு ஆய்வகத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும்.

சில ஷீட்களில் எண்ணுக்கு முன்னால் ‘அதிகபட்சம்’ என்று போட்டிருப்பார்கள். நோவாக் ஆவியாதல் (சூட்டில் ஆயில் எவ்வளவு ஆவியாகிறது என்ற அளவு) அதிகபட்சம் 13 சதவீதம் என்பது போல. அது அளந்த எண் கிடையாது. இந்த வரம்பைத் தாண்டாது என்று மட்டும்தான் அது சொல்கிறது. பக்கத்துக் கம்பெனியின் ‘9.2’-உடன் அதை வைத்து ஒப்பிட்டால், ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிடுகிறீர்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. இந்த எண்களெல்லாம் புது ஆயிலுக்கானவை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, சூட்டில் வெந்து, பெட்ரோல் கொஞ்சம் கலந்து, கரி சேர்ந்த பிறகு அந்த ஆயில் எப்படி இருக்கும் என்று அட்டவணையில் ஒரு வரிகூட இருக்காது.

படி 4: உரிமை கோரும் சொற்களை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்

ஷீட்டிலேயே அதிக கவனம் கேட்கும் இடம் இதுதான். எண்களைவிட, தரங்களைப் பட்டியலிடும் நாலைந்து வரிகளில்தான் உங்களுக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. பெரும்பாலானோர் மேலோட்டமாகப் பார்த்துத் தாண்டுவதும் இதைத்தான்.

‘அப்ரூவ்ட்’, ‘லைசென்ஸ்டு’ என்று இருந்தால், வெளியே இருக்கும் ஓர் அமைப்போ வண்டி தயாரிப்பாளரோ அந்த ஆயிலை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று கம்பெனி சொல்கிறது. ‘மீட்ஸ்’ என்று இருந்தால், அந்தத் தரத்துக்கு எங்கள் ஆயில் பொருந்துகிறது என்று கம்பெனி தானே சொல்கிறது. ‘சூட்டபிள் ஃபார் யூஸ்’, ‘ரெகமெண்டட் ஃபார்’ என்றால் இன்னும் ஒரு படி கீழே: அந்தத் தரம் கேட்கும் வண்டியில் இதை ஊற்றலாம் என்பது எங்கள் கருத்து, அவ்வளவுதான். இந்த மூன்று வகையையும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்து அளவில், ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். உங்கள் கையேட்டில் உள்ள எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள்.

தரங்களும் எல்லாம் ஒரே மாதிரி இயங்குவதில்லை. ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் உரிமம் கொடுக்கிறது. உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியலை அதன் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். டப்பாவில் இருக்கும் டோனட் வடிவ முத்திரை அந்த உரிமத்தின் அடையாளம்: மேல் பாதியில் எஸ்பி போன்ற தரம், நடுவில் கிரேடு. ஏசிஇஏ என்ற ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம் வேறு மாதிரி. அது எந்த ஆயிலுக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. சோதனை முறையையும் வரம்பையும் வகுத்துக் கொடுக்கும். அதன்படி செய்தோம் என்று கம்பெனிதான் தன் பொறுப்பில் சொல்கிறது. ஆகவே ‘ஏசிஇஏ அப்ரூவ்ட்’ என்று ஷீட்டில் பார்த்தால், எழுதியவருக்கே விஷயம் சரியாகத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஜாசோ என்ற ஜப்பானிய வாகனத் தர அமைப்பில் கம்பெனி தன் ஆயிலைப் பதிவு செய்ய வேண்டும். பதிவான ஆயில்களின் பட்டியல் வெளியாகிறது.

வண்டி தயாரிப்பாளரின் அங்கீகாரம்தான் எல்லாவற்றிலும் கனமானது. மெர்சிடிஸ் பென்ஸ் தான் ஏற்றுக்கொண்ட ஆயில்களைப் பெயர் பெயராகத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்சோஸ் தரத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. ஷீட்டில் ‘அப்ரூவ்ட்’ என்று பார்த்ததும் நிறுத்தாமல் அந்தப் பட்டியலுக்குப் போய், ஆயிலின் முழுப் பெயரையும் கிரேடையும் தேடுங்கள். இரண்டு நிமிட வேலை. இருந்தால் கம்பெனியின் வார்த்தையை நம்ப வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சினைக் காப்பது பற்றிய உண்மையான சோதனைகள் ஓடும் எஞ்சின்களில் நடப்பவை. 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில், டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்வதைச் சோதிக்க ஒன்று, டைமிங் செயின் தேய்மானத்துக்கு ஒன்று என்று தனித்தனி எஞ்சின் சோதனைகள் இருக்கின்றன. அவற்றின் முடிவு ஷீட்டின் அட்டவணையில் எண்ணாக வராது. ‘ஏபிஐ எஸ்பி’ என்ற ஓர் எழுத்துக்கோவையில் அத்தனையும் அடங்கிவிடுகிறது. அந்த எழுத்துக்கோவை உண்மையா என்பதே, ஃபிளாஷ் பாயின்ட் (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) 230-ஆ 236-ஆ என்பதைவிட நூறு மடங்கு முக்கியம்.

பழைய தரங்களைப் பெருமையாகப் போட்டிருந்தாலும் உஷாராக இருங்கள். ஏபிஐ எஸ்எஃப் 1988-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் கார் எஞ்சின்களுக்குப் பொருந்தாது. எஸ்ஏ என்றால் 1930-க்குப் பிறகு வந்தவற்றுக்கே ஆகாது. இரண்டும் ஏபிஐ தன் பட்டியலிலேயே எழுதியிருப்பவை.

படி 5: எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா?

ஒரு ஷீட் உண்மையா என்று வீட்டில் உட்கார்ந்து சோதிக்க நம்மிடம் ஆய்வகம் இல்லை. ஆனால் அதற்குள்ளேயே முரண்பாடு இருக்கிறதா என்று பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஒரு மாதிரி ஷீட்டை எடுத்துக்கொள்வோம்: 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3. 40 டிகிரியில் விஸ்காசிட்டி 68, 100 டிகிரியில் 11.8, விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 170, எச்டிஎச்எஸ் 3.5, குளிர் கிராங்கிங் மைனஸ் 30 டிகிரியில் 5800, போர் பாயின்ட் மைனஸ் 42, நோவாக் 9, சல்பேட் சாம்பல் 0.78 சதவீதம், டிபிஎன் 7.4.

முதலில் 11.8. 30 கிரேடின் 9.3 முதல் 12.5 என்ற வரம்புக்குள் இருக்கிறது, சரி. அடுத்து இண்டெக்ஸ், சூடு மாறும்போது விஸ்காசிட்டி எவ்வளவு நிலையாக நிற்கிறது என்ற எண். அது தனியாக அளக்கும் எண் கிடையாது, 40 டிகிரி எண்ணையும் 100 டிகிரி எண்ணையும் வைத்துக் கணக்குப் போடுவது. அதற்கான கணிப்பான்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 68-ஐயும் 11.8-ஐயும் போட்டால் 170 பக்கத்தில் வருகிறது. ஷீட்டில் 150 என்று இருந்திருந்தால், மூன்று எண்களில் ஒன்றாவது வேறு ஏதோ ஷீட்டிலிருந்து ஒட்டப்பட்டது என்று அர்த்தம். பழைய கலவையின் எண்ணைப் பாதி மாற்றி, பாதி மாற்றாமல் விட்ட ஷீட்களில் இது நன்றாகப் பிடிபடும்.

எச்டிஎச்எஸ் என்பது 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் ஆயில் படும் கடும் உராய்வு வேகத்தில், அது எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்ற அளவு. சாதாரண 30 கிரேடுக்குக் குறைந்தது 2.9 போதும், சி3 என்றால் 3.5 வேண்டும். மாதிரியில் 3.5, சரியாகப் பொருந்துகிறது. சி3-யையும் சி5-ஐயும் ஒரே ஆயிலுக்குப் போட்டிருக்கும் ஷீட்டைப் பார்த்தால் மூடி வைத்துவிடலாம். சி5-க்கு இந்த எண் 2.9-க்குக் கீழே இருக்க வேண்டும். ஓர் ஆயில் இரண்டாகவும் இருக்க முடியாது. 40 கிரேடில் ஒரு நுணுக்கம்: 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 மூன்றுக்கும் குறைந்தபட்சம் 3.5, ஆனால் 15டபிள்யூ-40-க்கு 3.7. 15டபிள்யூ-40 ஷீட்டில் 3.5 என்று பார்த்தால் அது அந்தக் கிரேடே ஆகாது.

குளிர் பக்கம். 5டபிள்யூ என்று சொல்ல மைனஸ் 30 டிகிரியில் கிராங்கிங் எண் (குளிரில் எஞ்சினைச் சுழற்றும்போது ஆயில் எவ்வளவு கெட்டி என்ற அளவு) 6600-க்கு மேல் போகக்கூடாது, மைனஸ் 35-இல் பம்ப் செய்யும் நிலையில் இருக்க வேண்டும். 5800, சரி. போர் பாயின்ட், அதாவது ஆயில் ஓடும் கடைசி வெப்பநிலை, மைனஸ் 42, அதுவும் சரி. மைனஸ் 27 என்று இருந்திருந்தால்? மைனஸ் 27-லேயே ஓடாமல் நின்றுவிடும் ஆயில் மைனஸ் 35-இல் எப்படிப் பம்ப் ஆகும்? உங்கள் ஊரில் அவ்வளவு குளிர் வரவே வராது என்றாலும், இந்த முரண்பாடு ஷீட்டின் மற்ற எண்களின் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவர வேண்டும்.

கடைசியாகச் சாம்பலும், அமிலத்தை முறிக்கும் திறனைச் சொல்லும் டிபிஎன்னும். சி3-க்குச் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் கூடாது. வடிகட்டியை அடைப்பது இந்தச் சாம்பல்தான். 0.78, பொருந்துகிறது. சி3 என்று எழுதிவிட்டுச் சாம்பல் 1.2 என்று போட்டிருந்தால் இரண்டில் ஒன்று தவறு. டிபிஎன் 7.4 என்பதைப் பார்த்து, பக்கத்து ஆயிலில் 10.5 இருக்கிறதே என்று ஏங்க வேண்டாம். அமிலத்தை முறிக்கும் சேர்மானம் கூடினால் சாம்பலும் கூடும். சி3 ஆயிலில் குறைவாக இருப்பது திட்டமிட்டே வைத்தது. பெரிய எண்தான் நல்ல எண் என்ற கணக்கு இங்கே சரிவராது. டிபிஎன்னை அளக்க ஏஎஸ்டிஎம் டி2896, டி4739 என்று இரண்டு முறைகள் இருக்கின்றன, ஒரே ஆயிலுக்கு முதல் முறையில் பொதுவாக எண் கூடுதலாக வரும். அட்டவணையில் ‘முறை’ என்ற பத்தி இருப்பது இதற்காகத்தான். முறை வேறானால் ஒப்பிடாதீர்கள்.

படி 6: மயங்க வேண்டாதவை

‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்ற சொல்லுக்கு உலகம் முழுக்க ஒரே அர்த்தம் இல்லை. 1990-களின் கடைசியில் மொபில், காஸ்ட்ரால் இரண்டுக்கும் இதில் தகராறு வந்தது. கச்சா எண்ணெயிலிருந்து கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 ஆயிலையும் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாம் என்று 1999-இல் அமெரிக்க விளம்பரத் தன்னொழுங்கு அமைப்பு முடிவு சொன்னது. ஆகவே அந்தச் சொல் உள்ளே என்ன அடிப்படை எண்ணெய் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லாது. குரூப் 3 மோசம் என்றும் நினைக்க வேண்டாம், கடினமான அங்கீகாரங்களைப் பெற்ற எத்தனையோ ஆயில்கள் அதில்தான் ஆகின்றன.

நாலு உருண்டைத் தேய்மானச் சோதனை (ஆயிலில் உருண்டைகளை உரசவிட்டு எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பது) என்று சில ஷீட்களில் படத்தோடு போட்டிருப்பார்கள். ஏபிஐ எஸ்பி உரிமத்துக்கு அந்தச் சோதனை கேட்கப்படுவதே இல்லை. அடர்த்தி, நிறம், ஃபிளாஷ் பாயின்ட் இவற்றை வைத்தும் ஆயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

படி 7: இல்லாத எண்ணைக் கேளுங்கள்

எச்டிஎச்எஸ், நோவாக், சாம்பல் மூன்றும் நிறைய ஷீட்களில் இருக்காது. இல்லை என்பதாலேயே ஆயில் மோசம் என்று ஆகிவிடாது. கம்பெனியின் தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆயிலின் முழுப் பெயர், கிரேடு, டப்பாவில் உள்ள தொகுதி எண், வேண்டிய மூன்று எண்கள், அவ்வளவு போதும். கையேட்டில் ஓர் அங்கீகார எண் இருந்தால் அதற்கான கடிதத்தின் நகலையும் கேளுங்கள். எண்ணோடு நேராகப் பதில் வந்தால் நல்லது. விளம்பர வாசகத்தோடு பதில் வந்தால், அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால், திறக்காத ஆயிலை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். விஸ்காசிட்டி, டிபிஎன், கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ், மாலிப்டினம் போன்றவற்றின் அளவு கிடைக்கும். டப்பாவில் இருப்பது ஷீட்டில் சொன்ன ஆயில்தானா என்ற சந்தேகம் இருந்தால் இது தீர்த்துவைக்கும். எஞ்சின் சோதனையில் அது தேறுமா என்று மட்டும் இந்த அறிக்கையாலும் சொல்ல முடியாது.

படி 8: ஊற்றும் முன் டப்பாவோடு ஒப்பிடுங்கள்

ஷீட்டில் உள்ள தரங்களும் டப்பாவின் பின்பக்கத்தில் உள்ளவையும் வரிக்கு வரி ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால் டப்பாவில் இருப்பதை எடுத்துக்கொண்டு, அதை ஏபிஐ பட்டியலிலோ வண்டி தயாரிப்பாளரின் பட்டியலிலோ தேடுங்கள். எங்கேயும் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லாம் ஒத்துவந்தால், அன்றைய ஷீட்டின் பிடிஎஃப்பைத் தேதியோடு சேமித்து, தொகுதி எண் தெரியும்படி டப்பாவைப் படம் எடுத்து, ரசீதோடு ஒரே இடத்தில் வையுங்கள். நாளை எஞ்சினில் கோளாறு வந்து, நீங்கள் ஊற்றிய ஆயிலைச் சர்வீஸ் சென்டர் குறை சொன்னால் அந்த மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.